கறுப்பு ஜன்னலில் ஒரு சிவப்பு உருவம்

அத்தியாயம் 6

"போனைக் கொடுங்க."

"கொடுத்தாச்சே."

"கார் சாவி?"

"அதுல யார்கிட்டயும் பேச முடியாதுங்க. கார்தான் திறக்கும்."

"ரிமோட் சாவி சார். ரேடியோ அலை விடும். உள்ளே அனுமதி இல்ல."

மாப்பிள்ளை சாவியையும் கொடுத்தார். காவலாளி அதை அலுமினியத் தாள் ஒட்டிய பெட்டியில் போட்டு, பாம்பைப் பிடித்து அடைத்தவர் போல மூடியை அழுத்தினார். அடுத்து மாப்பிள்ளையின் பேட்டரி கடிகாரத்தைக் கழற்றினார்.

"மூச்சு விடலாமா? இல்ல, அதையும் இங்கயே விட்டுட்டுப் போகணுமா?"

"விடலாம் சார்," என்றார் காவலாளி, சிரிக்காமல். "மெதுவா விடுங்க."

மாப்பிள்ளையை ஊரே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறது. மூன்று தொழில் தொடங்கி, மூன்றையும் சிறப்பாக மூடியவர். இப்போது மாமியாருக்குக் கார் ஓட்டுகிறார். கூடவே வாயையும் ஓட்டுகிறார். மாமியார் சாதாரணப்பட்டவர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து, தன் கிடங்குக்குத் தானே தீ வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுத எத்தனையோ முதலாளிகளின் கண்ணீரைத் துடைக்காமல் திரும்பியவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. தனியார் வழக்குகளை எடுத்துத் துப்பறிகிறார்.

"பேச்சைக் குறைங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை. "வந்த வேலையைப் பார்ப்போம்."

வந்த வேலை ஒரு வைர நெக்லஸ். அது காணாமல் போன இடம் இந்தக் கதிரில்லா வாழ்வகம். போன், டிவி, வைஃபை எதுவும் இல்லாமல், உடம்பில் ஒரு கதிர்கூடப் படாமல் வாழ்வதற்காகப் பணக்காரர்கள் பணம் கட்டித் தங்கும் இடம். எல்லா ஜன்னல்களுக்கும் வெளிப்பக்கம் கன்னங்கரேலென்று, பளபளக்கும் பெயிண்ட் அடித்திருந்தது. பகல் பதினொரு மணிக்கு உள்ளே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

கூடத்தில் நிறுவனர் வரவேற்றார். எல்லோரும் அவரை ஐயா என்றார்கள். வெள்ளை உடை, வழுக்கைத் தலை, இடுப்பில் ஒரு தோல் பை. நெஞ்சில் சங்கிலி போட்டு ஒரு செப்புத் தகடு தொங்கியது. டீ சாஸர் அளவு இருக்கும். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு படம். அதில் ஏழு அரக்கர்கள் பல்லை இளித்துக்கொண்டு நின்றார்கள்.

"இவங்க யாருங்க?" என்றார் மாப்பிள்ளை.

"ஏழு கதிர்கள்," என்றார் ஐயா. அவருடைய குரல் குழைந்தது. "முதல் அரக்கன் ரேடியோ அலை. வானொலியில் வருவான், கார் சாவியில் வருவான். இரண்டாமவன் மைக்ரோவேவ். அடுப்புக்குள் உட்கார்ந்து சாப்பாட்டைக் கெடுப்பவன். மூன்றாமவன் அகச்சிவப்பு, டிவி ரிமோட்டின் நுனியில் ஒளிந்திருப்பவன். நான்காமவன் ஒளி. ஐந்தாமவன் புற ஊதா. வெயிலோடு வந்து தோலைக் கருக்குவான். ஆறாமவன் எக்ஸ்ரே, ஏழாமவன் காமா. எங்கள் விசேஷ பெயிண்ட் ஏழு பேரையும் வாசலோடு நிறுத்திவிடும்."

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏழு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானே ஐயா? குணம்தான் வேற வேற. கடைசி மூணு பேரும் முரடு, அளவா வச்சுக்கணும். மத்தவங்க, அளவோட இருந்தா பாவம், வேலைக்காரப் பிள்ளைங்க. அதுலயும் மூணாவது பிள்ளையை நீங்க வெளியே நிறுத்தவே முடியாது. சூடு இருக்கிற எல்லாத்துலயும் அவன் இருப்பான். இதோ இந்த மெழுகுவத்தி, அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, நீங்க, நான், எங்க மாப்பிள்ளை."

"நானுமா அத்தை?"

"நீங்க கொஞ்சம் கம்மியா. வேலை செய்யறவங்க உடம்புலதான் சூடு ஜாஸ்தி."

ஐயா அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அதற்குள் நெக்லஸுக்குச் சொந்தக்கார அம்மாள் வந்து சேர்ந்தார். அத்தையை வரவழைத்தவர் இவர்தான். மாப்பிள்ளை அப்போதே மனதுக்குள் நெக்லஸ் அம்மாள் என்று பெயர் வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். விருந்தாளிகளின் பொருள்களுக்கென்று துணி அறையில் சுவரோடு பதித்த சின்னப் பெட்டகங்கள் உண்டு. எண் அழுத்தித் திறக்கும் வகை. நெக்லஸ் அம்மாள் காலையில் போய்ப் பெட்டகத்தைத் திறந்து நெக்லஸை ஆசை தீரப் பார்த்துவிட்டு மூடினார். ("அப்பத்தான் மனசு அமைதியாகும்.") பிறகு மூச்சுப் பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பெட்டகம் காலி. பெட்டகம் உடைபடவில்லை. அறைக்கு இரண்டே சாவி. ஒன்று ஐயாவிடம். மற்றொன்று துணி துவைக்கும் லாண்டரி அக்காவிடம்.

"அவதான் எடுத்தா," என்றார் நெக்லஸ் அம்மாள். "ஐயா படமே பிடிச்சுட்டார். சாயங்காலத்துக்குள்ள நெக்லஸ் வரணும். இல்லேன்னா போலீஸ்தான்."

"ரகசிய எண் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அத்தை.

அதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

ஐயா இடுப்புப் பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்தார். துப்பாக்கி மாதிரி கைப்பிடி, பின்னால் சின்னத் திரை. "உயிரொளிக் கேமரா," என்றார். "மனிதனின் உயிரொளியைக் காட்டும். விருந்தாளிகளுக்கு இதில்தான் படம் எடுத்துப் பலன் சொல்கிறேன்."

அத்தையின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே போனதை மாப்பிள்ளை கவனித்தார். அத்தை வேலையில் இருந்த காலத்தில் கட்டடங்களில் எந்த வயர் சூடாகிறது என்று பார்க்க வைத்திருந்த அதே வெப்பக் கேமரா. அதே கம்பெனிகூட.

திரையில் படம் தெரிந்தது. நீலப் பின்னணியில், சிவப்பும் மஞ்சளுமாக ஓர் உருவம். மூக்கு முழி தெரியாது. இரண்டு கைகளையும் முகத்தருகே தூக்கி, ஜன்னலில் எட்டிப் பார்ப்பது போல நின்றது. நெஞ்சில் வட்டமாக ஒரு கறுப்புத் திட்டு. தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஜொலிக்கும் பீப்பாய் ஒன்று.

"அம்மையார் போனதும் கதவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கமாகத் துணிக் கொடியருகே நடந்து போனேன். மனதில் ஏதோ உறுத்தியது. வெளியே நின்று, ஜன்னல் வழியாக எடுத்தேன். அறைக்குள் அந்த லாண்டரிக்காரி! நெஞ்சில் கறுப்பு பார்த்தீர்களா? திருட்டு எண்ணம் இருக்கும் நெஞ்சில்தான் அது விழும்."

கூடியிருந்த விருந்தாளிகள் உச்சுக் கொட்டினார்கள். மாப்பிள்ளை தன் நெஞ்சை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"எங்க மாப்பிள்ளைக்கும் ஒரு உயிரொளிப் படம் எடுக்கணும் ஐயா," என்றார் அத்தை, பக்தி சொட்டச் சொட்ட. "கேமராவைக் கொஞ்ச நேரம் கொடுங்களேன். என் கையாலயே எடுத்தாத்தான் எனக்குத் திருப்தி."

புகழ்ச்சியில் உச்சி குளிர்ந்த ஐயா கொடுத்துவிட்டார். வாயைக் கொடுத்தவர் கேமராவையும் கொடுத்தார்.

லாண்டரி அக்காவை வாஷிங் மெஷின் அறையில் அடைத்துப் போட்டிருந்தார்கள். கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தார்.

"நீங்களும் பையைச் சோதிக்க வந்தீங்களா? மூணு தடவை சோதிச்சாச்சு. என் மாத்துப் புடவையைக்கூட உதறிப் பார்த்தாச்சு."

"சோதிக்க வரலம்மா, பேச வந்தோம்," என்றார் அத்தை. "இன்னிக்குக் காலையில அந்த ஜன்னல் பக்கம் போனீங்களா?"

"கொடிக்கே போகல மேடம். மெஷின் தண்ணி இழுக்கல. அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இங்கயே கிடந்தேன். நேத்து போட்ட துணியையே இன்னும் எடுக்கல." அவர் குரல் உடைந்தது. "திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரி லாண்டரியில நான் வேலைக்குச் சேரணும். நிரந்தர வேலை. எத்தனை வருஷமா நடையா நடந்து கிடைச்சது தெரியுமா? போலீஸ் கேஸ்னு ஒண்ணு விழுந்தா எடுக்கவே மாட்டாங்க. நான் எடுக்கலன்னு அப்புறம் தெரிஞ்சா மட்டும் என்ன? திங்கக்கிழமை திரும்பி வருமா?"

மாப்பிள்ளை ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. மூன்று தொழில் போன மனுஷனுக்கு, கைக்கு வந்த வேலை போவது என்றால் என்னவென்று தெரியும்.

பின்பக்கம் வந்தார்கள். கொடியில் நேற்றைய படுக்கை விரிப்புகள் தொங்கின. எதிரே, கூரை நிழலில், துணி அறையின் கறுப்பு ஜன்னல். பெயிண்ட்டில் கண் அளவுக்கு ஓர் இடம் மட்டும் உரிந்திருந்தது. அத்தை அந்த ஓட்டையில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்.

மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? கேமராவைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். அடுத்த நொடி துள்ளிக் குதித்தார்.

"அத்தை! உள்ளே ஆள்! சிவப்பா நிக்கிறான்! கையைத் தூக்கி நம்மளையே பார்க்கிறான்!"

"எப்படி இருக்கான்?"

"தொப்பையும் தொந்தியுமா, பார்த்தாலே திருட்டு முழி!"

சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டைச் சுற்றி ஓடினார். துணி அறைக் கதவில் பூட்டு தொங்கியது. ஐயாவிடம் சாவி வாங்கித் திறந்தால், உள்ளே ஈ காக்கை இல்லை. அடுக்கிய துண்டுகள், பெட்டகங்கள், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெந்நீர் டேங்க். அவ்வளவுதான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அத்தை விரிப்பு ஒன்றில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வலது கையை ஆட்டுங்க மாப்பிள்ளை. ஆட்டிக்கிட்டே பாருங்க."

ஆட்டினார். திரையில் திருடனும் ஆட்டினான். மாப்பிள்ளையின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

"தொப்பையைப் பத்தி நான் சொன்னதை வீட்டுல சொல்லிடாதீங்க," என்றார்.

"சொல்ல மாட்டேன். எல்லாரையும் இங்க கூட்டிட்டு வாங்க. அந்த லாண்டரி அம்மாவையும்."

விருந்தாளிகள் வெயிலுக்குப் பயந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். லாண்டரி அக்கா ஓரமாக நின்றார். ஐயா நடுவில் நின்றார்.

"ஐயா, இந்தப் பெயிண்ட் எத்தனை கதிரைத் தடுக்கும்னு சொன்னீங்க?"

"ஏழையும்."

"அப்படின்னா உள்ளே நின்னவங்களோட கதிர் எப்படி வெளியே வந்து உங்க கேமராவுல விழுந்துச்சு?"

விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதானே?" என்றது ஒரு துண்டு.

"உயிரொளி வேறு, கதிர் வேறு," என்று ஐயா சப்பைக்கட்டு கட்டினார். "சந்தேகமே வேண்டாம். படத்தில் பாருங்கள், உருவத்துக்குப் பின்னால் வெந்நீர் டேங்க்கூட விழுந்திருக்கிறது. டேங்க் எங்கே இருக்கிறது? உள்ளே! அப்படியானால் இவளும் உள்ளேதானே நிற்கிறாள்?"

"டேங்க் உள்ளே. ரொம்ப சரி. குறிச்சுக்கோங்க மாப்பிள்ளை."

"பேனா இருக்கு அத்தை. அதுல அலை இல்லேன்னு விட்டுட்டாங்க."

அத்தை கேமராவை நெக்லஸ் அம்மாள் கையில் கொடுத்தார். "ஜன்னலைப் பாருங்க மேடம்."

பார்த்த அம்மாள் வீல் என்றார். "ஐயோ, நான் எப்படி உள்ளே போனேன்?"

"போகல. இது உங்க உடம்புச் சூட்டைக் காட்டுற கேமரா. உயிரும் இல்ல, ஒளியும் இல்ல, சூடு. வெளிச்சத்துக்குக் கண்ணாடி வழி விடும். இந்தச் சூட்டுக்கு விடாது. பெயிண்ட்டே வேண்டாம், வெறும் கண்ணாடியே அதுக்குச் சுவர்தான். பளபளப்பான சுவர்ங்கறதால கொஞ்சம் திருப்பி அனுப்பும். நீங்க பார்த்தது உங்களையேதான். பின்னால என்ன தெரியுது?"

"கொடி. துணி."

"டேங்க்?"

"இல்லையே."

"இப்ப உள்ளே வாங்க."

எல்லோரும் துணி அறைக்குள் நெருக்கியடித்தார்கள். நெக்லஸ் அம்மாள் உள்ளே நின்று அதே ஜன்னலைக் கேமராவில் பார்த்தார். திரையில் சிவப்பாக அவர். தோளுக்குப் பின்னால், வெள்ளையாக ஜொலிக்கும் பீப்பாய்.

யாரும் மூச்சு விடவில்லை, மெதுவாகக்கூட.

"டேங்க் படத்துல விழணும்னா எங்க நின்னு எடுக்கணும்?" என்றார் அத்தை.

"உள்ளே," என்றார் நெக்லஸ் அம்மாள், தொண்டைக்குள்.

"படத்துல இருக்கிறது யாரு?"

மாப்பிள்ளை கேமராவை வாங்கி ஐயாவின் பக்கம் திருப்பினார். வழுக்கைத் தலை மஞ்சளாக எரிந்தது. நெஞ்சில் செப்புத் தகடு தொங்கிய இடத்தில் மட்டும் வட்டமாகக் கறுப்பு.

"பளபளப்பான உலோகம் இந்தக் கேமராவுல அப்படித்தான் விழும்," என்றார் அத்தை. "விருந்தாளிங்களை நகையைக் கழட்டச் சொல்லிட்டுத்தானே படம் எடுப்பீங்க? நீங்க மட்டும் கழட்டினதே இல்ல. உங்களை நீங்க எடுத்துக்கிட்டதும் இல்ல. ஆனா பலன் பிரமாதமா சொன்னீங்க. திருட்டு எண்ணம் இருக்கிற நெஞ்சுன்னு."

"நான்... காவலுக்கு உள்ளே வந்திருப்பேன். பெட்டகத்தின் எண் எனக்கு எப்படித் தெரியும்?"

"மேடம், உங்க எண்ணை அழுத்துங்க. நான் திரும்பி நிக்கிறேன்."

நெக்லஸ் அம்மாள் அழுத்தினார். அத்தை திரும்பிக் கேமராவைப் பெட்டகத்தின் ரப்பர் பொத்தான்களுக்கு நேரே நீட்டினார். விரல் பட்ட நான்கு பொத்தான்கள் மட்டும் மங்கலாக ஒளிர்ந்தன.

"விரல் சூடு கொஞ்ச நேரம் தங்கும். ரொம்ப மங்கினது முதல்ல அழுத்தினது. ரொம்பப் பளிச்சுனு இருக்கிறது கடைசி. ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு. சரியா மேடம்?"

"அதே எண்தான்!" என்றார் நெக்லஸ் அம்மாள்.

மாப்பிள்ளைக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. எண்ணைப் படிக்கத்தான் கேமராவோடு உள்ளே வந்தார், சரி. நெக்லஸை எடுத்தார், சரி. ஜன்னலை ஏன் படம் எடுத்தார்? எடுத்ததைத் தானே ஏன் கொண்டுவந்து நீட்டினார்? எந்தத் திருடனாவது தன் படத்தைத் தானே காட்டுவானா?

பதிலை ஐயாவே சொன்னார். செப்புத் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பேந்தப் பேந்த விழித்து, லாண்டரி அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"அப்போ... ஜன்னல்ல நின்னு என்னைப் பார்த்தது நீ இல்லையா?"

லாண்டரி அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் அந்தப் பக்கமே வரலையே!"

"யாருமே வரலம்மா," என்றார் அத்தை. அவர் குரலில் இருந்த கேலி போய்விட்டது, கோபம் இருந்தது. "நெக்லஸை எடுத்துக்கிட்டுத் திரும்பினவர், கேமராவுல ஜன்னலைப் பார்த்திருக்கார், படமும் எடுத்திருக்கார். சிவப்பா ஒருத்தர், கையை முகத்துக்கு வச்சு எட்டிப் பார்க்கிற மாதிரி. அது கேமராவைப் பிடிச்ச அவரோட கைதான். வெளியே கொடி. கொடியில துணி. துணின்னா நீங்கதான்னு முடிவு கட்டிட்டார். நீங்க வாயைத் திறக்கறதுக்குள்ள உங்களைத் திருடியாக்கிட்டா, அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் யார் நம்பப் போறாங்க? தன் நிழலைப் பார்த்துப் பயந்துட்டு, உங்க பிழைப்புல மண்ணைப் போடப் பார்த்தார். ஏழு கதிரையும் தடுக்கிற பெயிண்ட்ல அவருக்கே நம்பிக்கை இல்ல பாருங்க."

"நெக்லஸ் எங்கே?" என்று பாய்ந்தார் நெக்லஸ் அம்மாள்.

ஐயா தலையைக் குனிந்தார். "என் அறையில. அலமாரிக்குப் பின்னால. மைக்ரோவேவ் அடுப்புக்குள்ள."

அறை வெடித்தது.

"மைக்ரோவேவா!"

"உங்க ரூம்ல மைக்ரோவேவா!"

"நாங்க ஆறிப் போன சூப்பைக் குடிச்சோமே!"

திருட்டுக்கு இந்தச் சத்தம் எழவில்லை. துண்டு போர்த்திய ஒரு பெரியவர் ஐயாவின் சட்டையையே பிடித்துவிட்டார். மாப்பிள்ளை போய் அடுப்பைத் திறந்து நெக்லஸை எடுத்து வந்து கொடுத்தார். அடுப்புக்குள் பொரித்த சோளத்தின் வாசனை கமகமவென்று அடித்தது என்பதையும், கேட்காமலே, எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். கூச்சல் இன்னும் கூடியது.

நெக்லஸ் அம்மாள் நெக்லஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கொக்கியைச் சரி செய்துகொண்டே, கதவோரம் நின்ற லாண்டரி அக்காவைப் பார்த்தார்.

"சரி சரி, அதான் கிடைச்சுடுச்சே. நீ போய் வேலையைப் பாரு. என் படுக்கை விரிப்பு நேத்துலேர்ந்து கொடியிலயே கிடக்கு."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். லாண்டரி அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் பேசிக்கறேன் மேடம்." நேராக நெக்லஸ் அம்மாள் முன்னால் போய் நின்றார். "என் பையை மூணு தடவை கொட்டினீங்க. என் புடவையை உதறினீங்க. நான் திருடலன்னு ஒரு தடவை, எல்லார் முன்னாலயும், உங்க வாயால சொல்லுங்க."

நெக்லஸ் அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். கூச்சல் நின்றிருந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"திருடல," என்றார் கடைசியில்.

"யாரு?"

"நீ... நீங்க திருடல."

லாண்டரி அக்கா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, நெக்லஸ் அம்மாளின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"திங்கக்கிழமைலேர்ந்து எனக்கு ஆஸ்பத்திரியில வேலை. விரிப்பை நீங்களே எடுத்துக்குங்க. வெயில்லதான் காஞ்சிருக்கு மேடம். அரக்கன் கடிச்சா நான் பொறுப்பில்ல."